மாமியின் குசினியில் ஹூனான் மீன்

மட்டக்களப்பில் சைனீஸ் என்றால் பிரைட் ரைஸ், டெவல் சிக்கன், ஓரத்தில் ஒரு கரண்டி மிளகாய்ப் பேஸ்ட். அதைக் குறை சொல்ல வரவில்லை, நானும் ஆசையாகச் சாப்பிடுகிறவன்தான். ஆனால் கட்டாரில் ஒரு சீன உணவகத்துக் குசினியில் உதவியாளாக நின்ற காலத்தில், அங்கிருந்த சீனச் சமையல்காரர்கள் தங்களுக்கென்று பிரைட் ரைஸ் செய்து நான் பார்த்தது குறைவு. கடை மூடும் நேரத்தில் அவர்கள் தட்டில் இருப்பது வெள்ளைச் சோறு, ஏதாவது கீரை, ஆவியில் வைத்த ஒரு மீன். அந்த மீனுக்கு மேலே கொத்திய சிவப்பு மிளகாய் போர்வை மாதிரி மூடிக்கிடக்கும். உறைப்புக்குப் பழகிய மட்டக்களப்பான் எனக்கே முதல் வாயில் காது சூடாகியது. அடுத்த வாயில் மீனின் இனிப்புத் தெரிந்தது. அந்த இரண்டாவது வாய்க்காகத்தான் இதை இன்றும் வீட்டில் சமைக்கிறேன்.

பெரிய சமையல்காரர் ஹூனான் மாகாணத்து ஆள். சீனாவில் உறைப்பு என்றாலே எல்லாரும் சிச்சுவானைச் சொல்வார்கள். சிச்சுவான் உறைப்பில் ஒரு மிளகு சேரும், அது நாக்கை விறைக்க வைக்கும். ஹூனான்காரருக்கு அந்த விறைப்பு தேவையில்லை. பழுத்த மிளகாயை உப்பில் ஊறவைத்து, லேசாகப் புளிக்கவிட்டு, அந்தப் புளிப்பும் காரமும் கலந்த உறைப்பைத்தான் விரும்புவார்கள். அங்கே பேர்போன உணவு, பெருந்தலைக் கெண்டை என்ற ஆற்று மீனின் தலையைப் பிளந்து, அந்த மிளகாயால் மூடி ஆவியில் வைப்பது. தென் சீனத்துக் கன்டோன்காரர் இதற்கு நேர்மாறு. இஞ்சி, வெங்காயத்தாள், சோயா சோஸ், அவ்வளவுதான், மிளகாயே இருக்காது. எங்கள் நாக்குக்கு ஹூனான்தான் கிட்ட என்பது என் அபிப்பிராயம்.

அந்த மிளகாயும் சீனாவில் பிறந்ததில்லை. அமெரிக்கக் கண்டத்துப் பயிர். சீன நூல்களில் அதைப் பற்றிய முதல் குறிப்பு 1591இல்தான் வருகிறது. இங்கே 1628இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டிய போர்த்துக்கேயர்தான் எங்கள் பக்கத்துக்கும் மிளகாயைக் கொண்டுவந்தவர்கள். அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் மிளகும் இஞ்சியும்தான். ஆக, "இது எங்கட சாப்பாடு இல்லையே" என்று யாராவது சொன்னால், உறைப்பு விஷயத்தில் நாங்களும் ஹூனான்காரரும் வெளியே இருந்து வந்த மிளகாய்க்குப் பழகியவர்கள்தான் என்று சொல்லுவேன்.

வெளியூர் ஆட்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்குரியது, குசினி மாமிக்குரியது. நான் ஊர் திரும்பி, மீனைத் தட்டில் வைத்து அவிக்கப்போகிறேன் என்றதும் மாமி கேட்டது இதுதான்: "ஏன் தம்பி, ஆருக்கும் காய்ச்சலா?" மாமிக்கு அவித்த மீன் பத்தியச் சாப்பாடு. மீன் என்றால் தேங்காய்ப்பால் விட்ட ஆணம், இல்லாவிட்டால் பொரியல். இத்தனைக்கும் அந்தக் குசினியில் ஆவி இல்லாத நாளே இல்லை. காலையில் புட்டு, இரவில் இடியப்பம். ஆவியைப் பற்றி மாமிக்கு நான் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மீனைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது.

ஆணம் மீனின் குறையை மூடிவிடும். புளி, மிளகாய்த்தூள், பால் எல்லாம் சேர்ந்து முந்தாநாள் மீனையும் ஒருமாதிரிக் காப்பாற்றும். பொரித்தால் அதைவிட இன்னும் மூடும். ஆவி ஒன்றையும் மூடாது. இத்தனை மிளகாய் போட்டாலும் மூடாது, ஏனென்றால் மிளகாய் மேலே இருக்கிறது, மீன் தன் பாட்டில் கீழே வேகிறது. அதனால் இந்தச் சமையலில் பாதி வேலை சந்தையில் முடிந்துவிடும். நல்ல மீன் கிடைக்காத நாளில் நான் இதைச் செய்வதில்லை. மீனை ஆணத்துக்குக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன்.

எங்களுக்கு இதற்கு மிகப் பொருத்தமான மீன் கொடுவா. தாய்லாந்திலும் சிங்கப்பூரிலும் முழு மீனாக ஆவியில் வைக்க எடுக்கும் மீன்களில் இதுவும் ஒன்று. வெள்ளைச் சதை, பெரிய இதழ் இதழாகக் கழரும், சிறு முள் தொல்லை இல்லை. ஆற்றிலும் படும், கடலிலும் படும். (வாவி என்பது பாடப் புத்தகத்துச் சொல், நாங்கள் ஆறு என்றே சொல்வோம்.) கொடுவா விலை கூடிய நாளில் விளைமீனோ சின்னக் கலவாவோ எடுப்பேன். பாரையும் சரிவரும், ஆனால் சதை கொஞ்சம் இறுக்கம். உன்னிச்சை, உறுகாமம் பக்கத்துக் குளங்களில் இருந்து வரும் திலாப்பியாவும் செய்யலாம், விலையும் குறைவு. அதற்கு மட்டும் ஒரு சின்னச் சடங்கு இருக்கிறது, பிறகு சொல்கிறேன். சூரை, சாளை மாதிரிக் கறுத்த சதையும் கொழுப்பும் உள்ள மீன்கள் வேண்டாம். ருசி ஒத்துவராது. அதோடு இந்த வகை மீன்கள் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் ஊறிவிடும். எவ்வளவு அவித்தாலும் அது போகாது. முகம் சிவந்து உடம்பெல்லாம் கடிக்கும்.

மார்கழி வாடையில் கடல் தொழில் படுத்துவிடும். அந்த நேரத்தில் வெள்ளம் வடிய முகத்துவாரம் வெட்டியிருந்தால் ஆறும் கலங்கிக்கிடக்கும். அப்போது வருகிற ஐஸ் மீனை நான் தொடுவதில்லை.

மீன்காரருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எங்கள் சந்தையில் மீனை நிறுத்ததும் கத்தி தானாகவே துண்டு போடத் தொடங்கிவிடும். "நானா, வெட்ட வேணாம். செதில் சீவி, குடலும் செவுளும் மட்டும் எடுங்க" என்பேன். "முழுசாவா? பேக்கரியில குடுத்துச் சுடவா தம்பி?" என்று சிரிப்பார். சிரித்துக்கொண்டே அழகாகச் செய்து தருவார். கண் துருத்திக்கொண்டு தெளிவாக இருக்கிறதா, செவுள் இரத்தச் சிவப்பா, வயிற்றை அமுக்கினால் குழி நிற்காமல் திரும்புகிறதா என்று பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வீட்டுக்கு வந்தபிறகு பலர் விடுவது ஒன்று உண்டு. வயிற்றுக்குள்ளே முதுகெலும்பை ஒட்டி ஒரு கறுத்த இரத்தக் கோடு இருக்கும். மேலே மெல்லிய தோலைக் கீறி, கரண்டிக் காம்பால் சுரண்டி, ஓடும் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். அவித்த மீனில் வருகிற வெடுக்கில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது.

மஞ்சள் பூச வேண்டாம். மாமி ஒவ்வொரு தடவையும் மஞ்சள் பேணியை எடுத்துக்கொண்டு வருவார், நான் ஒவ்வொரு தடவையும் வாங்கி வைத்துவிடுவேன். அதற்குப் பதிலாக அந்த ஹூனான் மனிதர் செய்த ஒன்றைச் செய்கிறேன். சீனர் மீனின் வெடுக்கை எடுக்க அரிசி மதுவைத் தடவுவார்கள். கட்டாரில் எங்கள் மாதிரிக் கடைக் குசினிக்குள் மதுவுக்கு இடமில்லை. அதனால் அவர் ஒரு துண்டு இஞ்சியையும் இரண்டு வெங்காயத்தாளையும் தட்டி, கொஞ்சத் தண்ணீரில் கையால் பிசைந்து, அந்தத் தண்ணீரை மீன் முழுக்கத் தடவி பத்து நிமிடம் வைப்பார். இதுவும் சீனாவில் உள்ள பழக்கம்தான், கட்டாரில் கண்டுபிடித்தது இல்லை. காத்தான்குடிச் சினேகிதன் வீட்டுக்கும் இதே மீனைக் கூசாமல் கொண்டுபோக முடிகிறது. சோயா சோஸ் போத்தலில் மட்டும் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன், சில சோஸ்களில் மது சேர்ப்பார்கள். வெங்காயத்தாள் கிடைக்காத நாளில் லீக்ஸின் பச்சைப் பக்கம் போதும்.

இனி மிளகாய். இதை ஒரு கிழமைக்கு முன்பே போட்டு வைக்க வேண்டும். பச்சை மிளகாய் சரிவராது, நன்றாகப் பழுத்துச் சிவந்தது வேண்டும். தோட்டம் செய்கிறவர்களிடம் சொல்லிவைத்தால், செத்தலுக்குக் காயப்போட வைத்திருப்பதில் இருந்து தருவார்கள். ஹூனானில் சதைப்பிடிப்பான மிளகாயைத்தான் எடுப்பார்கள், காரம் மட்டும் உள்ளதை அல்ல. எனவே பழ மிளகாயோடு பழுத்த கறி மிளகாயும் சேர்த்துக்கொள்வேன். உறைப்புக் காணாது என்கிறவர்கள் நாலு கொச்சிக்காய் சேர்க்கலாம். கழுவி, காம்போடு ஒரு பகல் காற்றில் உலரவிட்டுப் பிறகுதான் காம்பு கிள்ள வேண்டும். முதலே கிள்ளிவிட்டால் உள்ளே தண்ணீர் போகும். கையால் கொத்துங்கள். மிக்சியில் அடித்தால் சம்பலாகிவிடும், மீன்மேல் நிற்காமல் ஓடும். கைக்கு ஒரு பொலித்தீன் உறை போட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் அன்றைக்குக் கண்ணைத் தொட முடியாது.

கால் கிலோ மிளகாய்க்கு 25 கிராம் உப்பு. பத்தில் ஒரு பங்கு என்று நினைவு வைத்தால் போதும். அதோடு ஆறேழு பல்லு உள்ளி, பெருவிரல் அளவு இஞ்சி, இரண்டையும் பொடியாக வெட்டி, ஒரு தேக்கரண்டி சீனி. கலந்து, சுடுதண்ணீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் அமுக்கி வைப்பேன். மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும், புளிக்கும்போது பொங்கும். இந்த அளவு உப்பில் கெட்டுப்போகிற கிருமிகள் வளர்வது கஷ்டம். உப்பைத் தாங்கும், புளிப்பைத் தருகிற கிருமிகள் மெதுவாக வேலை செய்யும். குளிர் நாட்டில் இரண்டு மூன்று கிழமை எடுக்கிற வேலை எங்கள் வெக்கையில் ஒரு கிழமைக்குள் முடிகிறது. சித்திரை, வைகாசியில் அதற்கும் முன்னாலேயே ஆகிவிடும். நாளுக்கு ஒருதரம் மூடியைத் தளர்த்திக் காற்றை விடுங்கள். மூடியைத் திறந்ததும் ஊறுகாய் மணத்தோடு லேசான பழ வாசம் வந்தால் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடலாம், மாதக்கணக்கில் இருக்கும். ஈரக் கரண்டி படக்கூடாது. மேலே பூஞ்சணம் பிடித்தால் வழித்துவிட்டுப் பாவிக்கலாம் என்பார்கள். நான் கொட்டிவிடுவேன்.

பாத்திரத்துக்கு ஒன்றும் புதிதாக வாங்க வேண்டாம். புட்டுப் பானையின் வாய் மீனுக்குச் சிறிது. நீத்துப்பெட்டியில் வைத்தால் சாறு ஒழுகிப் பானைக்குள் போய்விடும், பெட்டியில் ஏறும் மீன்வாசம் பிறகு போகவே போகாது (மாமி வீட்டில் இதைச் செய்கிற துணிச்சல் எனக்கில்லை). வீட்டில் உள்ள அகலமான தாச்சி ஒன்றை எடுங்கள். டின்மீன் பேணியின் இரண்டு பக்கத்தையும் வெட்டி எடுத்துவிட்டால் அருமையான வளையம் கிடைக்கும். அதைத் தாச்சிக்குள் நிறுத்தி, தண்ணீர் விட்டு, மேலே தட்டை வைத்தால் ஆயிற்று. சிரட்டையைக் கவிழ்த்து வைக்கலாமே என்று தோன்றும், அது மிதக்கும். மூடிக்கு ஒரு மெல்லிய துணி சுற்றுங்கள், இல்லாவிட்டால் மூடியில் படிகிற தண்ணீர் சொட்டி மீன்மேல் விழுந்து ருசியைக் கரைத்துவிடும். விறகு அடுப்பும் தாராளமாகப் போதும். 2022இல் காஸ் இல்லாத மாதங்களில் பொச்சும் பாளையும் வைத்து இந்த மீனைச் செய்திருக்கிறேன். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு விடாமல் எரிகிற நெருப்பு மட்டும்தான் வேண்டும்.

அடுத்தது மீனைப் பிளப்பது. முக்கால் கிலோ கொடுவாவை முதுகுப் பக்கம் ஒட்டியிருக்க வயிற்றுப் பக்கத்தால் பிளந்து, கருவாட்டுக்கு வெட்டுவதுபோல விரித்துவிடுவேன். தலையையும் சேர்த்துப் பிளக்க வேண்டும், அதற்கு மீன்காரரின் கத்திதான் நல்லது. விரித்தால் தடிப்பு ஒரே சீராகிறது, மிளகாய் தோலில் வழுக்காமல் சதையில் உட்காருகிறது. தட்டில் இரண்டு கறுவாக் குச்சியோ சுத்தமான ஈர்க்குக் கட்டோ குறுக்கே வைத்து அதன்மேல் மீனை வைத்தால் அடியிலும் ஆவி போகும். கறுவா வாசம் கொஞ்சம் ஏறும். சிலருக்கு அது பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். மீனுக்கு உப்புப் போட வேண்டாம், மிளகாயிலேயே போதிய உப்பு இருக்கிறது. அதில் நாலைந்து மேசைக்கரண்டி அள்ளி மீன் தெரியாமல் மூடிவிடுங்கள்.

தண்ணீர் கொதித்து ஆவி மளமளவென்று வந்த பிறகுதான் தட்டை உள்ளே வைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரோடு சேர்த்து அடுப்பில் ஏற்றினால் மீன் மெல்ல மெல்லச் சூடேறித் தண்ணீர் விட்டுச் சோர்ந்துபோகும், நேரமும் கணக்குப் பிடிக்காது. மீன் சதை கொதிநிலை வரும்வரை காத்திருக்கிற பொருள் இல்லை. அறுபது பாகைச் சூட்டிலேயே இறுகிவிடும். அதற்குமேல் போகிற ஒவ்வொரு நிமிடமும் உள்ளே இருக்கிற சாற்றைப் பிழிந்து வெளியே விடுகிறது. நாங்கள் ஆணத்தில் மீனை அரைமணி நேரம் கொதிக்கவிட்டே பழகியவர்கள், அதனால் பத்து நிமிடம் என்றால் மனம் ஒப்பாது. விரித்த முக்கால் கிலோ மீனுக்கு, பலமான ஆவியில், எட்டிலிருந்து பத்து நிமிடம். விரிக்காமல் முழுசாக வைத்தால் பன்னிரண்டு வரை. அடுப்பை நிறுத்தி, மூடியைத் திறக்காமல் இன்னும் இரண்டு நிமிடம். கண் வெள்ளையாகி வெளியே தள்ளியிருக்கும். தடித்த இடத்தில் ஈர்க்கைக் குத்தினால் முள் வரைக்கும் தடையில்லாமல் இறங்கும். இறங்காவிட்டால் இன்னும் இரண்டு நிமிடம். மூடியைத் திறக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறவுங்கள். புட்டு அவிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

திலாப்பியாவுக்கு உரிய சடங்கு இதுதான். மிளகாய் போடாமல் வெறும் மீனை முதலில் மூன்று நிமிடம் ஆவியில் வையுங்கள். தட்டில் ஒரு கலங்கல் தண்ணீர் நிற்கும். அதை ஊற்றிவிட்டுப் பிறகு மிளகாயைப் பரப்பி மிச்ச நேரத்தை முடியுங்கள். குளத்து மீனில் வருகிற சேற்று மணத்துக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். தண்ணீரில் உள்ள சில பாசிகளும் கிருமிகளும் அதை உண்டாக்குகின்றன. முதல் மழையில் மண்ணிலிருந்து எழும்புவதும் அதே மணம்தான். மண்ணில் இருந்தால் கவிதை, தட்டில் இருந்தால் தொல்லை. புளிப்புப் பட்டால் அது குறையும். ஆகவே அவிப்பதற்கு முன் தேசிக்காய் கலந்த தண்ணீரில் ஒருதரம் அலசினால் இன்னும் நல்லது. ஊறவிட வேண்டாம், சதை வெளுத்து மாவாகிவிடும். நல்ல கொடுவாவுக்கு இந்த வேலை எதுவும் வேண்டாம். அதன் சாற்றை ஊற்றுவது பாவம்.

கடைசியில் எண்ணெய். மூன்று மேசைக்கரண்டி எண்ணெயை லேசாகப் புகை கிளம்பும்வரை காய்ச்சி, மீன்மேல் தூவிய வெங்காயத்தாளிலும் பச்சை உள்ளியிலும் ஊற்ற வேண்டும். சடசடவென்று பொரிகிற சத்தம் வராவிட்டால் எண்ணெய் காயவில்லை என்று அர்த்தம். மிளகாயின் காரமும் வாசமும் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால்தான் இந்தக் கடைசிக் கரண்டி விழுந்ததும் வீடு முழுக்க மணக்கிறது. பிள்ளைகளைக் குசினியை விட்டு வெளியே அனுப்பிவிட்டு ஊற்றுங்கள், தட்டில் உள்ள ஈரம் பட்டுத் தெறிக்கும். சூரியகாந்தி எண்ணெய் மாதிரி வாசமில்லாத எண்ணெய்தான் சரி என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். ஒருநாள் நான் கைகழுவப் போன நேரம் பார்த்து மாமி தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலை பொரித்து ஊற்றிவிட்டார். அது ஹூனான் இல்லைத்தான். ஆனால் அன்றைக்குத் தட்டில் முள்ளைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. இப்போது வீட்டில் இரண்டு விதமும் நடக்கிறது.

சோயா சோஸைக் கடைசியில், அதுவும் ஓரமாக, ஒரு மேசைக்கரண்டி விட்டால் போதும். எங்கள் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது கறுத்த, தடித்த வகை. அதை அப்படியே ஊற்றினால் வெள்ளை மீன் கறுத்து, கசப்பும் இனிப்புமாகிவிடும். மெல்லிய வகை கிடைக்காவிட்டால், கறுத்ததில் பாதியை எடுத்துச் சுடுதண்ணீரில் கரைத்து விடுங்கள். அஜினமோட்டோ வேண்டாம். புளித்த மிளகாயும் சோயாவும் சேர்ந்தால் அந்த வேலை நடந்துவிடும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் மீனின் ஒரு பக்கத்தில் மட்டும் மிளகாயைப் பரப்பி, மறுபக்கத்தைக் கன்டோன் முறையில் இஞ்சியோடு விட்டுவிடலாம். சாறு கொஞ்சம் கலக்கத்தான் செய்யும். என் மகள் அதையும் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிடப் பழகிவிட்டாள்.

பக்கத்தில் தேங்காய்ப்பால் கறி எதுவும் வைக்காதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். வெள்ளைச் சோறும், உள்ளி தட்டிப் போட்ட கங்குன் வறையும் போதும். மீன் முடிந்த பிறகு தட்டில் சிவப்பாகச் சாறு கிடக்கும். ஹூனானில் அந்தச் சாற்றுக்குள் அவித்த நூடுல்ஸைப் போட்டுப் புரட்டிச் சாப்பிடுவார்கள், சிலர் அதற்காகவே இந்த மீனைக் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு இரவு இடியப்பம் வருகிறது. சிவப்பரிசிமா இடியப்பம் சாற்றை வேகமாகக் குடித்துக் கரைந்துபோகும், வெள்ளைமா இடியப்பம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். எதுவானாலும் தட்டிலேயே போட்டு உடனே சாப்பிட வேண்டும். சாற்றை எடுத்து வைத்து அடுத்த நாள் சூடாக்கினால் வெடுக்கு வந்துவிடும். மிஞ்சினால் பூனைக்கும் கொடுக்க முடியாது, உறைப்பு.